'ட்ரிக் ஆர் ட்ரீட்' படத்தைச் சிலர் ஏன் வருடாவருடம் கொண்டாடுகிறார்கள், சிலருக்கு ஏன் ஒட்டவே இல்லை?

கேள்வி இது: "ஹாலோவீன் இரவில் நடக்கிற ஆந்தாலஜி படம் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' பார்த்தேன். பெரிதாகப் பயமே வரவில்லை. கதைகள் ஆரம்பித்த வேகத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் திகில் பட ரசிகர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா?"

இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே இரண்டாகத்தான் பிரிகிறார்கள். உங்கள் தரப்பிலும் ஆள் நிறைய உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பயப்பட வந்தவர்கள் ஏமாந்து போகிறார்கள். அந்த ஒரு இரவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வர நினைப்பவர்கள் மறுபடி மறுபடி வருகிறார்கள். இந்தப் படத்தின் கதாநாயகன் அந்த அக்டோபர் 31 இரவுதான், மனிதர்கள் யாரும் இல்லை. எனக்கு இது மிகவும் பிடித்த படம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதில் முடிவுகள் எல்லாம் வெளிப்படும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 82 நிமிடம்தான்.

முதலில் ஆந்தாலஜி என்ற வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம். பல கதைகளை ஒன்றாகக் கட்டித் தருகிற திகில் படம் புதிதல்ல. 1945இல் பிரிட்டனில் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்' இன்றும் பேசப்படுகிறது. அதில் பொம்மையை வைத்துப் பேச்சுக்காட்டும் கலைஞனின் கதையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், கோல்ஃப் ஆட்டக்காரர்கள் கதையை எல்லோரும் குறை சொல்கிறார்கள். பிறகு 1960களிலும் 70களிலும் ஆமிகஸ் நிறுவனம் வரிசையாக இப்படிப் படங்கள் எடுத்தது. 1982இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்க, ஸ்டீபன் கிங் எழுத, ஐந்து கதைகளோடு 'க்ரீப்ஷோ' வந்தது. இந்தப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பேசுவது ஒரே மாதிரிதான் இருக்கும்: மூன்றாவது கதை சூப்பர், இரண்டாவது சுமார், கடைசி தேவையே இல்லை. கதைக்குக் கதை மதிப்பெண் போட்டு, கூட்டி, வகுத்து, படம் எப்படி என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கதை முடிந்ததும் திரை இருண்டு அடுத்தது தொடங்குகிறபோது பார்வையாளர் வேறென்ன செய்வார்? அந்த வடிவமே அவரை அப்படிப் பழக்கிவிட்டது.

மைக்கேல் டோஹெர்ட்டி எழுதி இயக்கிய 'ட்ரிக் ஆர் ட்ரீட்' அந்தக் கணக்குக்கு அடங்காது. இதில் நான்கு பெரிய கதைகளும் முன்னால் ஒரு குட்டிக் கதையும் இருக்கின்றன. எல்லாமே ஒஹாயோ மாநிலத்தில் வாரன் வேலி என்ற கற்பனை ஊரில், ஒரே இரவில், சில தெருக்களிலும் அவற்றைச் சுற்றியும் நடக்கின்றன. ஒரு கதையின் நடுவில் தெருவைக் கடந்து போகிறவர் இன்னொரு கதையின் முக்கியப் பாத்திரமாக இருப்பார். 'சற்று முன்', 'பின்னர்' என்று காமிக்ஸ் கட்டத்தில் வருவதுபோல எழுத்து விழும், நேரம் முன்னும் பின்னும் நகரும். முதல் தடவை பார்க்கும்போது இது வெறும் அலங்காரம் என்று தோன்றும். உங்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம்.

இனி மக்கள் எந்தக் கதைக்கு எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்று பார்ப்போம். பள்ளி முதல்வர் வில்கின்ஸ் கதைதான் பெரும்பாலானோரை முதலில் உலுக்குவது. ஹாலோவீனுக்காகப் பூசணிக்காயைக் குடைந்து செய்த விளக்குகளை உடைத்துக்கொண்டு, வாசலில் வைத்த மிட்டாயை அள்ளிக்கொண்டு போகும் ஒரு பருமனான பையன் வில்கின்ஸ் வீட்டுக்கு வருகிறான். வில்கின்ஸ் அவனைத் திட்டவில்லை. படிக்கட்டில் பக்கத்தில் உட்காருகிறார். கையில் ஒரு கத்தி, மடியில் ஒரு பூசணி. அதைச் செதுக்கிக்கொண்டே, பள்ளியில் அறிவுரை சொல்லும் அதே நிதானமான குரலில், ஹாலோவீனுக்கென்று மதிக்க வேண்டிய மரபுகள் இருக்கின்றன என்று பேசிக்கொண்டு போகிறார். பையன் வாயில் சாக்லேட் மென்றுகொண்டே இருக்கிறான். குரல் கடைசிவரை ஏறவே இல்லை. சாக்லேட்டில் விஷம் என்று நமக்குப் புரிகிற நேரத்தில் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுகிறான். நடிகர் டிலன் பேக்கர் இந்தக் காட்சியில் செய்திருப்பதை நான் எத்தனையோ பெரிய திகில் படங்களுக்கு மேலாக வைப்பேன்.

இந்தக் காட்சி அமெரிக்கப் பார்வையாளர்களை நம்மைவிட ஆழமாகக் குத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பிள்ளைகள் ஹாலோவீன் இரவில் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அந்த மிட்டாயில் விஷமோ பிளேடோ வைத்துவிடுவார் என்ற பயம் பல தலைமுறைப் பெற்றோருக்கு இருந்திருக்கிறது. 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது அந்தப் பயம் உச்சத்துக்குப் போனது. ஆனால் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1980களில் தொடங்கிப் பல்லாண்டு செய்திகளை அலசிப் பார்த்ததில், முன்பின் தெரியாதவர் ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்து ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. உண்மையில் நடந்தது இதைவிடக் கொடுமை. 1974 ஹாலோவீன் இரவில் டெக்சாஸ் மாநிலத்தின் டீர் பார்க் என்ற ஊரில் ரொனால்ட் கிளார்க் ஓப்ரையன் என்பவர் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் எட்டு வயது மகனுக்கே மிட்டாயில் சயனைடு வைத்துக் கொடுத்தார். 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆபத்து எங்கோ இருட்டில் நிற்கிற அந்நியரிடமிருந்து வரவில்லை, பிள்ளை நம்புகிற வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. வில்கின்ஸ் ஊருக்கே தெரிந்த ஆள், பள்ளியின் முதல்வர், ஒரு சிறுவனின் தகப்பன். படம் அந்தப் பழைய பயத்தை எடுத்து, அது உண்மையிலேயே இருந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

அந்தக் கதையின் முடிவில் அரங்கில் சத்தம் இரண்டு விதமாக வரும். வில்கின்ஸின் சின்ன மகன் பூசணி செதுக்கலாம் வா என்று இரவு முழுக்க நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் தகப்பன் கத்தியோடு அவனைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போகிறார். மகனைக் கொல்லப் போகிறார் என்றே நாம் நினைக்கிறோம். அங்கே மேசையில் இருப்பது பூசணி அல்ல, செத்த பையனின் தலை. "கண்ணுக்கு மட்டும் நீங்கள் உதவி செய்யணும்" என்கிறான் மகன், ஆசையோடு. பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள், பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். இந்தக் காட்சிக்கு ஒருவர் எப்படி எதிர்வினை செய்கிறாரோ, முழுப் படத்துக்கும் அப்படித்தான் செய்வார் என்பது பலரோடு சேர்ந்து பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கணிப்பு.

பள்ளிப் பேருந்துக் கதை பெரும்பாலானோருக்குப் பிடித்தது, எனக்கும்தான். முப்பது வருடத்துக்கு முன் ஹாலோவீன் அன்று, மனநலக் குறைபாடு உள்ள எட்டுப் பிள்ளைகளை ஏற்றிப்போன பேருந்து கல்குவாரித் தண்ணீரில் விழுகிறது. அந்தப் பிள்ளைகளைச் சுமையாக நினைத்த பெற்றோர்களே ஓட்டுநருக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். இன்றைக்குச் சில பிள்ளைகள் அதே குவாரிக்கு எட்டுப் பூசணி விளக்கோடு வருகிறார்கள், கூடவே ரோண்டா என்ற ஒதுக்கப்பட்ட பெண்ணைக் கூட்டிக்கொண்டு, அவளைப் பயமுறுத்தி விளையாட. விளையாட்டு வினையாகிறது, தண்ணீருக்குள்ளிருந்து செத்த பிள்ளைகள் எழுந்து வருகிறார்கள். ரோண்டா குவாரி லிஃப்டுக்குள் நிற்கிறாள். மற்றவர்கள் கம்பிக்கதவைப் பிடித்துக் கெஞ்சுகிறார்கள். அவள் திறக்கவில்லை. லிஃப்ட் மேலே போகிறது, கீழே இருட்டில் சத்தம் மட்டும்.

இந்த இடத்தைப் பற்றி வாதம் ஓய்வதே இல்லை. அந்தக் கூட்டத்தில் ஷ்ரேடர் என்ற பையன் ரோண்டாவிடம் கொஞ்சம் கனிவாக நடந்தவன், செய்ததற்கு வருந்தியவன். அவனையும் அவள் விட்டுவிட்டுப் போகிறாள். "அவளுக்கு நேர்ந்ததற்கு அது சரிதான்" என்று ஒரு கூட்டம் கைதட்டுகிறது. "அவனை மட்டுமாவது ஏற்றியிருக்கலாமே" என்று இன்னொரு கூட்டம் மனம் பொறுக்காமல் கேட்கிறது. படம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை, ரோண்டாவின் முகத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பெரிய ஸ்டுடியோ எடுத்த படத்தில் இத்தனை பிள்ளைகள் சாவது அபூர்வம். அதுவும் இரக்கத்துக்கோ இழப்புக்கோ இடம் ஒதுக்காமல். இதனாலேயே படம் மனசுக்கு ஒட்டவில்லை என்பவர்களை நான் மறுத்துப் பேச மாட்டேன்.

ஓநாய் வரும் பழைய சிறுவர் கதையின் சிவப்புத் தொப்பிச் சிறுமி வேடம் போட்டு வரும் லாரியின் கதைதான் அதிகமாக அடிவாங்குவது. அன்னா பாக்வின் நடித்தது. காட்டில் தனியாக வரும் கூச்சமான பெண், பின்னால் முகமூடிக்காரன். நாம் பலமுறை பார்த்த காட்சி. பிறகு எல்லாம் தலைகீழாகிறது: அந்தப் பெண்கள்தான் ஓநாய்கள், மாட்டிக்கொண்டவன் அவன். இதன் திருப்பத்தைப் பாதியிலேயே ஊகித்துவிட்டவர்களுக்கு மிச்சமிருப்பது சுமார்தான். அவ்வளவு நேரம் பெண்களை அரைகுறை உடையில் சுற்றவிட்டதே அந்தத் திருப்பத்துக்காக என்பது சிலருக்குப் போதவில்லை. முகமூடியைக் கழற்றும்போது அந்த ஆள் யார் என்று கவனித்தீர்களா? பள்ளி முதல்வர் வில்கின்ஸ். முதல் கதையில் தப்பித்தவர் இங்கே மாட்டுகிறார். தனிக்கதையாக இது பலவீனம்தான், ஆனால் இதை எடுத்துவிட்டால் படம் கழன்றுவிடும்.

கடைசிக் கதையில் ஹாலோவீனையே வெறுக்கும் கிழவர் க்ரீகை, சாம் தேடி வருகிறான். ஆரஞ்சு நிற உடை, சாக்குத்துணி முகமூடி, கையில் கடித்த லாலிபாப். பார்க்கச் சின்னக் குழந்தை. ப்ரையன் காக்ஸ் ஒற்றை ஆளாக வீட்டுக்குள் அவனோடு மல்லுக்கட்டுகிறார். இது சிலருக்கு வெறும் அடிதடியாகத் தெரியும். ஆனால் சாம்தான் இந்தப் படத்தை நிலைக்க வைத்தவன் என்று துணிந்து சொல்லலாம். மற்றத் திகில் பட வில்லன்களுக்குப் பழி, வெறி, பழங்கதை என்று ஏதாவது இருக்கும். இவனுக்கு இருப்பவை நான்கு விதிகள்: வேடம் போடு, வாசலுக்கு வருபவருக்கு மிட்டாய் கொடு, பூசணி விளக்கை இரவு முடியுமுன் அணைக்காதே, உனக்குக் கிடைத்த மிட்டாயைப் பார்த்துத் தின்னு. விதியை மீறினால் சாவு. க்ரீகின் நெஞ்சில் அவன் குத்துகிற லாலிபாப் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒரு சாக்லேட்டில் போய்ச் செருகுகிறது. அவன் அந்தச் சாக்லேட்டை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விடுகிறான். மிட்டாய் கிடைத்துவிட்டது, கணக்கு தீர்ந்தது. இந்த இடம் பிடித்துப்போனவர்கள் சாமை விடவே மாட்டார்கள். ஹாலோவீன் வந்தால் அவன் வேடம் போடுகிறார்கள், பொம்மை வாங்குகிறார்கள், உடம்பில் பச்சைகூடக் குத்திக்கொள்கிறார்கள்.

இப்போது "பயமே வரவில்லை" என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். இந்தப் படம் பயத்தை முதல் இலக்காக வைக்கவில்லை. 1950களில் அமெரிக்காவில் வந்த ஈ.சி. திகில் காமிக்ஸின் வழி இது. அங்கே தப்புச் செய்தவன் கடைசிக் கட்டத்தில் அதற்கேற்ற தண்டனை பெறுவான், வாசகன் அதிர்ச்சியோடு ஒரு திருப்தியும் அடைவான். 'க்ரீப்ஷோ' எடுத்ததும் அதே ஊற்றிலிருந்துதான். திடீரென்று கத்தவைக்கிற ஜம்ப் ஸ்கேர்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் இங்கே கை நிறையாது. படம் அதற்குப் பதிலாகத் தருவது ஒரு சூழல்: காய்ந்த இலை, ஆரஞ்சு வெளிச்சம், தெரு முழுக்க முகமூடிகள், டக்ளஸ் பைப்ஸின் இசை. அக்டோபர் மாதம் வந்தாலே இதைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு வேண்டியது இந்தச் சூழல்தான்.

படம் வெளியான விதமும் இந்தப் பிரிவுக்குக் காரணம். 2007 அக்டோபர் 5 அன்று திரையரங்கில் வர வேண்டிய படம் இது. வார்னர் நிறுவனம் அதை வெளியீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது, அந்த அக்டோபரில் வந்தது 'ஸா' திகில் வரிசையின் நான்காம் படம். இதை அந்த டிசம்பரில் ஆஸ்டின் நகரில் ஒரு சினிமா வெறியர்கள் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு சில விழாக்கள். பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனாலும் பொதுமக்கள் கைக்கு அது வந்தது 2009 அக்டோபர் 6 அன்று டிவிடியாகத்தான். அதன்பின் ஃபியர்நெட் என்ற திகில் சேனல் ஹாலோவீன் நாளில் 24 மணி நேரமும் இந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. நீங்கள் எந்த நேரத்தில் டிவியைப் போட்டாலும் ஏதோ ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும். நேரம் முன்னும் பின்னும் ஓடுகிற இந்தப் படத்தைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வழி இருக்க முடியாது. அமெரிக்காவில் பரவலாகத் திரையரங்கில் ஓடியது 2022 அக்டோபரில்தான், எடுத்துப் பதினைந்து வருடம் கழித்து. அப்போது வந்தவர்களில் பலர் வசனத்தைக்கூட மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்.

2007இலேயே நேராகத் திரையரங்குக்கு வந்திருந்தால் இந்த அன்பு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 'ஹாலோவீன்' என்ற திகில் படத்தை உருவாக்கிய ஜான் கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் அந்தப் படவரிசையையே வருடத்துக்கு ஒரு புதுக்கதை சொல்லும் தொகுப்பாக மாற்ற ஆசைப்பட்டார்கள். அப்படி 1982இல் வந்த மூன்றாம் படத்தில் அந்த வரிசையின் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் கதையிலேயே இல்லை. அவனைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 1988இல் மையர்ஸ் திரும்ப வந்தான். அதே மூன்றாம் படத்தை இன்று வீட்டில் நிதானமாகப் பார்க்கிற தலைமுறை மதிக்கிறது. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை, பார்க்க வருகிறவர் என்ன எதிர்பார்த்து வருகிறார் என்பதுதான் மாறியிருக்கிறது.

நீங்கள் கவனிக்காமல் விட்டது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், க்ரீகின் வாசல் காட்சியைச் சொல்வேன். கட்டுப்போட்ட முகத்தோடு கிழவர் கதவைத் திறந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறார். பிறகு தெருவைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு வாசற்படியில் வில்கின்ஸின் மகன் தனியாக உட்கார்ந்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தகப்பன் காட்டில் செத்துக் கிடப்பது அவனுக்குத் தெரியாது. ரோண்டா தெருவைக் கடக்கிறாள். லாரியும் தோழிகளும் சிரித்துக்கொண்டு போகும் வண்டி அவளை இடிக்காமல் தப்புகிறது. படத்தின் முதல் காட்சியில் வந்த எம்மாவும் கணவனும் வீடு திரும்புகிறார்கள். எம்மா பூசணி விளக்கை ஊதி அணைக்கப் போகிறாள், அவளுக்கு என்ன நடக்கும் என்று நமக்கு ஏற்கெனவே தெரியும். ஒரே பார்வையில் ஐந்து கதைகளும் கிழவரின் கண்முன்னால் ஓடுகின்றன, அவருக்கு ஒன்றுமே புரியாது. அப்போது கதவு தட்டப்படுகிறது. பேருந்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பணம் வாங்கிய அந்த ஓட்டுநர் இவர்தான்.

இதைத் தெரிந்துகொண்டு திரும்ப முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். வில்கின்ஸ் பின்கட்டில் பிணத்தைப் புதைத்துவிட்டு வரும்போது பக்கத்து வீட்டு ஜன்னலில் க்ரீக் உதவிக்குக் கத்துவார், வில்கின்ஸ் கண்டுகொள்ளாமல் போவார். முதல் தடவை அது ஒரு எரிச்சல்கார அண்டைவீட்டுக் கிழவரின் கூச்சலாகத்தான் தெரியும். இரண்டாம் தடவை அந்த ஜன்னலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து பார்ப்பீர்கள். இரண்டாம் தடவை பார்த்தவர்கள்தான் இந்தப் படத்தின் ரசிகர்கள். முதல் தடவையோடு நிறுத்தியவர்களுக்கு நான்கு குட்டிக் கதைகள் மட்டும் கிடைக்கின்றன, அவற்றில் பாத்திரங்களை நெருங்கிப் பழக நேரமும் இல்லை. அந்தக் குறை உண்மையானது. 82 நிமிடத்தில் இத்தனை பேரைத் திணித்தால் யாரும் மனதில் ஆழமாக இறங்க மாட்டார்கள்.

இரண்டாம் தடவையும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், 'க்ரீப்ஷோ'வுக்குப் போங்கள். அதில் கதைகள் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட நேரம் உண்டு. பிடித்துவிட்டால் 2015இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் ஹாலோவீன்' பாருங்கள். அதுவும் ஒரே ஊர், ஒரே இரவு, ஆனால் பத்துக் கதைகள், பல இயக்குநர்கள். வானொலி அறிவிப்பாளராக அட்ரியன் பார்போவின் குரல் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு வரும். அங்கே ஏற்ற இறக்கம் அதிகம், சில கதைகள் நகைச்சுவையாகவே போய்விடும். இரண்டு படமும் பெரியவர்களுக்கானவை. 'ட்ரிக் ஆர் ட்ரீட்'டுக்கு அமெரிக்காவில் ஆர் சான்றிதழ். சாமின் உருவத்தைப் பார்த்துக் குழந்தைப் படம் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள்.